அவசரக்காரி குளித்த நாள்

இக்கிட்டோஸ்,
ஜூன் 28

அன்பும் பொறுமையும் நிறைந்த மரிலூ அக்காவுக்கு (இந்தக் கடிதத்துக்கு இரண்டும் தேவைப்படும்),

உன் தங்கை நைடா எழுதுவது. நான் நலம். அம்மா நலம். பூனை, யாரும் கேட்காமலே நலம். நீயும் உன் சுகாதார நிலையமும் அதில் உன்னைவிட நிரந்தர வேலையில் இருக்கும் கொசுக்களும் நலமா? இந்த வீட்டில் நலமில்லாதவள் ஒருத்திதான். நம் அவசரக்காரி.

ரேடியோவில் கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன். ஆனால் உன் ஊர் ரேடியோவில் ஒருவர் தும்மினால் திக்ரே ஆறு முழுக்க 'நூறாயுசு' சொல்கிறது. குடும்ப மானத்துக்குக் கடிதம்தான் நல்லது. லாஞ்சுப் படகுக்காரர் பிரித்துப் படித்தாலும் அவரோடு போகும்.

கிளட்ச் நழுவுகிறது என்று அம்மா 21ஆம் தேதி அவசரக்காரியை, நமக்குச் சோறு போடும் அந்த மூன்று சக்கர வாடகை மோட்டோவை, எலியோ மேஸ்திரியின் 'மின்னல்' ஷெட்டில் விட்டாள். "திருநாள் முடிஞ்சதும் எடுத்துக்குங்க எல்விராம்மா. புதுப் பொண்ணு மாதிரி குடுக்கறேன்" என்றார். 24ஆம் தேதி சான் ஹுவான் திருநாள். ஊரே ஆற்றில் முங்கி ஒரு வருஷப் பீடையைக் கழுவிவிட்டு, மணலில் உட்கார்ந்து ஹுவானே இலைப்பொட்டலத்தைப் பிரித்துச் சோறும் கோழியும் சாப்பிட்டது. வண்டி இல்லாததால் அம்மா வீட்டுத் தொட்டித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, 'சான் ஹுவான் அட்ஜஸ்ட் பண்ணிக்குவாரு' என்றாள். நான் பெரியம்மா வீட்டில் சமர்த்தாக இலை வாட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வண்டி வந்தது. பளபளவென்று. "கழுவிக்கூடக் குடுத்திருக்காரு பாரு" என்று அம்மா மெச்சினாள். 26ஆம் தேதி காலை, பெலேன் சந்தை இறக்கத்தில், பின்சீட்டில் ஒரு அம்மாளும் இரண்டு வாழைத்தாரும் இருக்கும்போது, அவசரக்காரி 'க்ரக்' என்று ஒரு வார்த்தை பேசினாள். அதுதான் கடைசிப் பேச்சு. அம்மா ஆயில் மூடியைத் திறந்தாள். உள்ளே ஆயில் இல்லை அக்கா, பால் காபி! எஞ்சினுக்குள் தண்ணீர். கிளட்ச் போட்டுக் கொடுங்கள் என்றால் குளியல் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

சந்தையிலிருந்து ஷெட் வரைக்கும் அம்மா தள்ளிக்கொண்டே போனாள். மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டு, "பழைய எஞ்சின் எல்விராம்மா. வயசானா தண்ணி கோத்துக்கும். எங்க மாமியாருக்குக்கூடக் கால்ல கோத்துக்கிட்டிருக்கு" என்றார்.

அம்மா வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பித் தள்ளினாள். எனக்குத்தான் கொதிக்கிறது. திருநாளன்று அந்தக் கும்பல் அவசரக்காரியை எடுத்துக்கொண்டு நனாய் ஆற்றுக்குப் போயிருக்கிறது. மேஸ்திரியின் மச்சான் மஞ்சள் தொப்பியை மாட்டிக்கொண்டு, சீட் முங்குகிற ஆழத்தில் இறக்கியிருக்கிறான். ஊரெல்லாம் இதே பேச்சு.

பழிவாங்கும் திட்டங்கள் தயார். ஷெட் பூட்டில் சூயிங்கம். மேஸ்திரி பெயரில் சவப்பெட்டிக் கடைக்கு ஆர்டர், அளவோடு. அம்மா இரண்டையும் தடை செய்துவிட்டாள்.

கைகள் கட்டப்பட்ட,
நைடா


நுவா எஸ்பெரான்சா, திக்ரே ஆற்றங்கரை,
ஜூலை 9

என் வாலுக்கு,

இங்கே அனைவரும் சுகம். நேற்று ஒரு பெண் இரண்டு நாள் படகில் வந்து, இறங்கிய பத்தாவது நிமிடம் பிள்ளை பெற்றாள். ஆறு வடியத் தொடங்கிவிட்டது. இனி லாஞ்சு வருவது மணல்திட்டுகளின் இஷ்டம்.

அம்மா கை எப்படி இருக்கிறது? அவ்வளவு தூரம் தள்ளியிருக்கிறாள். தைலம் அனுப்பியிருக்கிறேன். அவள் வலிக்கவில்லை என்பாள், நீ நம்பாமல் தேய்த்துவிடு.

மேஸ்திரியிடம் புகார்ப் புத்தகம் கேட்கச் சொல். இந்த நாட்டில் ரொட்டிக்கடைக்குக்கூட அது கட்டாயம். அதில் எழுதிவிட்டால் பதில் சொல்லாமல் தப்ப முடியாது. சூயிங்கம் வேண்டாம்.

ஒரு சந்தேகம். ஊரெல்லாம் பேசுகிறது என்றாயே, அந்த ஊரில் ஒருவரைச் சாட்சிக்குக் கூட்டி வரலாமே? இன்னொரு சந்தேகம். நீ பெரியம்மா வீட்டில் இலை வாட்டிக்கொண்டிருந்தாய். தொப்பி மஞ்சள் என்று உனக்கு யார் சொன்னது?

அம்மாவுக்கு முத்தம். உனக்குக் காதில் ஒரு திருகல்.
மரிலூ


இக்கிட்டோஸ்,
ஜூலை 17

நோயாளிகள் கைகூப்பும் நர்ஸம்மாவுக்கு,

இங்கே சுகம். அங்கே சுகமா? தைலம் வந்தது. அம்மா வலிக்கவில்லை என்றாள், நான் நம்பவில்லை, தேய்த்தேன். இப்போது பூனைகூட தைல வாசனை.

உன் கடிதம் வருமுன்பே அம்மா புத்தகத்தைக் கேட்டுவிட்டாள்! நானும் கூடப் போயிருந்தேன். 'இங்கே புகார்ப் புத்தகம் உண்டு' என்ற அறிவிப்பு, நீச்சலுடை காலண்டருக்குப் பின்னால் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தது. "புத்தகமா? அது எங்கயோ..." என்று மேஸ்திரி ஸ்பேனர்களுக்குள் தேடினார். அம்மா காபிக் கெட்டிலைத் தூக்கினாள். கீழே புத்தகம். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு எழுத்தில்லை, கெட்டில் போட்ட வட்டம் மட்டும்.

அம்மா கவிழ்த்த டயர் மேல் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடி மாட்டினாள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் அல்லவா? ஒவ்வொரு எழுத்தையும், வயதான பயணியைக் கைபிடித்து இறக்குவதுபோல நிதானமாக இறக்கினாள். நாற்பது நிமிடம். ஷெட்டில் வேலையே ஓடவில்லை.

"இவ்ளோ எதுக்கு எல்விராம்மா, பேசித் தீத்துக்கலாமே" என்றார் மேஸ்திரி. குளிர்பானம் வேறு வாங்கி வைத்தார்.

"பேசத்தானே செய்யறேன் மேஸ்திரி? எழுதிப் பேசறேன்."

டயர் ஒட்ட வந்த ஒருத்தர் எட்டிப் பார்த்து, "முடிச்சிட்டு இந்தப் பக்கம் குடுங்கம்மா, எனக்கும் ரெண்டு வரி இருக்கு" என்றார். மேஸ்திரி முகத்தில் அப்போதுதான் உண்மையான மின்னல் வெட்டியது.

ஆனால் அக்கா, அம்மா ஆற்றைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. வண்டி நல்லபடி போனது, தண்ணீரோடு வந்தது, அவ்வளவுதான். "மச்சான் எறக்கினதை எழுதும்மா!" என்று காதைக் கடித்தேன். "நான் பாத்தேனா? பாக்காததை எழுத மாட்டேன்" என்றாள். கார்பன் பிரதியைக் கிழித்து நாலாக மடித்து ஹெல்மெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். குளிர்பானத்தைத் தொடவில்லை. நான் தொட்டேன். சாட்சியத்தை அழிக்கக் கூடாதென்று பாட்டிலையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

அம்மாவின் மகள் என்பதில் இந்த வாரம் கொஞ்சம் உயரமாகிவிட்ட,
நைடா


நுவா எஸ்பெரான்சா,
ஜூலை 30

அன்புள்ள நைடா,

சுகம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன்.

டயர் மேல் உட்கார்ந்து எழுதும் அம்மாவை இங்கே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். ஊர்த் தலைவர் இரண்டு முறை சொல்லச் சொன்னார். உலர்ந்த மீன் அனுப்புகிறேன், பூனையிடம் காட்டாதே.

நான் கேட்ட இரண்டு கேள்வியில் ஒன்றுக்கும் பதில் இல்லை. கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். கெட்டில் இருக்கிறது, டயர் இருக்கிறது, குளிர்பானம் இருக்கிறது. தொப்பி இல்லை.

மரிலூ


இக்கிட்டோஸ்,
ஆகஸ்ட் 14

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

மீனும் சுகமாக வந்தது, பூனையும் சுகமாக இருக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு.

ஷெட்டிலிருந்து பதில் கடிதம் வந்துவிட்டது, முத்திரையெல்லாம் குத்தி. 'வாகனம் 21 முதல் 25 வரை எங்கள் ஷெட்டை விட்டு நகரவில்லை. பழுதுக்குக் காரணம் வழக்கமான தேய்மானம்.' தேய்ந்தது எஞ்சின் இல்லை அக்கா, அவர் மானம்.

அம்மா அந்தத் தாளோடு நுகர்வோர் அலுவலகத்துக்குப் போனாள். அக்டோபர் 16 அன்று இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசப்போகிறார்கள். "வண்டி வெளிய போனதுக்குச் சாட்சி உண்டா?" என்று கேட்டார்களாம். இல்லை என்றாளாம். சாட்சி இல்லாவிட்டால் கஷ்டம் என்றார்களாம்.

அவசரக்காரி கூரைக்குக் கீழே போர்வை போர்த்திக்கொண்டு நிற்கிறாள். பழைய இரும்புக்காரர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டார். தோற்றுப்போனால் அவருக்குத்தான் கொடுக்க வேண்டும், மறுபடி ஊர்த் துணி துவைக்கப் போகணும் என்று அம்மா சொன்னாள். மழை வரும் போலிருக்கு என்று சொல்கிற குரலில் சொன்னாள். புகால்பாவுக்கு 'ஒரே வாரம்' என்று போன அப்பாவுக்கு ஆறு வருஷமாக அந்த வாரம் முடியாததையும் அவள் அந்தக் குரலில்தானே சொல்வாள்.

ஆனால் இதைக் கேள். அம்மா தினமும் பள்ளிக்கு ஏற்றிப் போகும் மூன்று வாண்டுகள் இருக்கிறார்களே, அவர்களை அவள் விடவில்லை. வண்டி இல்லாமலே கூட்டிப் போகிறாள், நடந்து! காலை ஆறரைக்கு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று 'பீப் பீப்' என்கிறாள். பழக்கதோஷத்தில் தலையில் ஹெல்மெட். வாண்டுகள் பின்னால் வரிசையாகப் பிடித்துக்கொண்டு, "எல்விராம்மா, ரைட்டுல சிக்னல் போடுங்க!" என்று கத்துகின்றன. அவளும் கையை நீட்டுகிறாள். முதல் நாள் எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது நானும் வரிசையின் கடைசியில் நடக்கிறேன், பின்விளக்காக.

தொப்பியா? எந்தத் தொப்பி? காகிதம் தீர்ந்துவிட்டது.

நைடா


நுவா எஸ்பெரான்சா,
ஆகஸ்ட் 25

சுகம்.

மஞ்சள் தொப்பி.

மரிலூ


இக்கிட்டோஸ்,
செப்டம்பர் 6

அக்கா,

நலமா என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

நான் இலை வாட்டவில்லை. பெரியம்மா வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு, வகுப்புத் தோழிகளோடு நனாய்க்குப் போனேன். அங்கே மணலில் அவசரக்காரி நின்றிருந்தாள். மச்சான் மஞ்சள் தொப்பியோடு ஓட்டுநர் சீட்டில். கூட மூன்று பேர். நான் அப்போதே கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. கத்தினால் நான் அங்கே இருந்தது அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அது மட்டுமில்லை, எனக்குச் சந்தோஷமாக இருந்தது அக்கா. நம் வண்டியும் திருநாளுக்கு வந்திருக்கிறதே என்று. மச்சான், "வாடி, ஒரு ரவுண்டு" என்றான். ஏறி உட்கார்ந்தேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தால் என் வாய்க்கு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். "இன்னிக்கு முங்காதவங்களுக்கு வருஷம் பூரா பீடை! அவசரக்காரி மட்டும் என்ன பாவம் பண்ணினா? அவளையும் முக்குங்க!" என்றேன்.

மணல் முழுக்கச் சிரித்தது. மச்சான் ஆக்சிலேட்டரை முறுக்கினான். தண்ணீர் சீட்டுக்கு மேல் வந்தது. எஞ்சின் குமிழி விட்டு நின்றது. அதற்கும் சிரித்தோம். எல்லாரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன்.

நான் சொன்னதால்தான் அவசரக்காரி செத்தாள். அம்மா நடக்கிறாள். தினமும் பின்விளக்காக நடக்கும்போது அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டே போகிறேன், இடது பக்கம் தேய்ந்துவிட்டது.

அக்டோபர் பதினாறாம் தேதி நானும் போகிறேன், அம்மா துணைக்குக் கூப்பிட்டிருக்கிறாள். நான் சாட்சி சொன்னால் இறக்கச் சொன்னதே நான்தான் என்று மேஸ்திரி பிடித்துக்கொள்வார், அம்மா தோற்பாள். சொல்லாவிட்டாலும் தோற்பாள். என்ன செய்யட்டும்? நீ சொல்வதை அப்படியே செய்கிறேன். ஒரு வார்த்தை மாற்ற மாட்டேன். அதற்குள் பதில் போடு.

நைடா


இக்கிட்டோஸ்,
அக்டோபர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உண்மையாகவே. உன் பதில் வரவில்லை. தினமும் படகுத்துறைக்குப் போனேன். லாஞ்சு மணலில் உட்கார்ந்திருக்கிறது, ஆறு மனது வைத்தால் எழுந்திருக்கும் என்றார்கள். எனவே நேற்று என் சொந்த மூளையோடு போக வேண்டியதாயிற்று.

ஒரு மேஜை. கொண்டையில் பென்சில் செருகிய அதிகாரியம்மா. இந்தப் பக்கம் அம்மா, மடியில் ஹெல்மெட். அந்தப் பக்கம் மேஸ்திரி, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில்.

"ஷெட்டு பூட்டிக் கெடந்துச்சும்மா. சாவி என் இடுப்புல. அஞ்சு நாளும் வண்டி இம்மி நகரல" என்றார் மேஸ்திரி.

"உங்க பக்கம் சாட்சி?" என்று அதிகாரியம்மா அம்மாவைக் கேட்டார்.

"இல்லீங்க."

என் கால் எழுந்து நின்றுவிட்டது. பிறகுதான் நான் எழுந்தேன். "இருக்கேங்க" என்றேன்.

அம்மா திரும்பினாள். பின்னால் லாரி வருகிறதா என்று கண்ணாடியில் பார்ப்பாளே, அந்தப் பார்வை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். இலைப் பொய், ரவுண்டு, தொப்பி. முக்கச் சொன்னதையும் அதே வார்த்தைகளில் சொன்னேன். அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. நான் சொன்ன ஜோக்கிலேயே மோசமான ஜோக் அதுதான் என்று அப்போது தெரிந்தது.

மேஸ்திரி நாற்காலியை விட்டுத் துள்ளினார். "கேட்டுக்கிட்டீங்களாம்மா? இவதான் எறக்கச் சொன்னா! என் மச்சான் பாவம், ஒழுங்கா கரையிலதான் நிறுத்தியிருந்தான்!"

பென்சில் நின்றது.

"எந்தக் கரையில மேஸ்திரி?" என்றார் அதிகாரியம்மா.

மேஸ்திரி இடுப்பிலிருந்த சாவியைத் தடவிப் பார்த்தார், அதுவாவது ஏதாவது சொல்லாதா என்று.

அப்போதுதான் அம்மா பேசினாள். குரல் உயரவே இல்லை. "இந்தப் பொண்ணு தினமும் என்னைக் கூரை மேலேருந்து குதிக்கச் சொல்றா மேஸ்திரி. நான் இதுவரைக்கும் குதிக்கல. ஒங்க மச்சானுக்கு வயசு என்ன?"

"...முப்பத்தாறு" என்றபடி மேஸ்திரி உட்கார்ந்தார்.

அதிகாரியம்மா பென்சிலை எடுத்தார். எஞ்சினை வேறு ஷெட்டில் மேஸ்திரி செலவில் முழுசாகச் செய்து தர வேண்டும். மேஸ்திரி ஒப்புக்கொண்டார். "வேற ஏதாவது?" என்றதற்கு அம்மா, "வண்டி வர்ற வரைக்கும் என் மூணு புள்ளைங்களையும் காலையில மச்சான் கூட்டிட்டுப் போகணும். ஷெட்டு வண்டியில. ஆறரைக்கு" என்றாள். இது சட்டத்தில் இல்லையே என்றார் அதிகாரியம்மா. "எழுதுங்க, அவரு ஒத்துக்குவாரு" என்றாள் அம்மா. ஒத்துக்கொண்டார்.

வீட்டுக்கு நடந்தோம். நான் அழுதுகொண்டே வந்தேன். இதை யாரிடமும் சொல்லாதே, ரேடியோவில் தும்மிவிடாதே. பிளாசா மூலையில் அம்மா நின்றாள்.

"ஆத்துத் தண்ணி எப்படி இருந்துச்சு?"

"ஜில்லுனு இருந்துச்சும்மா."

"ம்." கொஞ்ச தூரம் நடந்தாள். "கிறிஸ்துமஸ் வரைக்கும் பாத்திரம் பூரா ஒன்னுது."

அக்கா, ஊரில் யாரையும் நான் சிரிக்க வைத்துவிடுவேன். வயசு என்ன என்ற ஒரே கேள்வியில் ஒரு மேஸ்திரியை உட்கார வைக்க எனக்கு இன்னும் எத்தனை வருஷம் ஆகுமோ.

சோப்புக் கையோடு,
நைடா


(உறையின் மேல் நைடாவின் கையெழுத்து: அக்டோபர் 29 அன்று கிடைத்தது. மணலுக்கு நன்றி.)

நுவா எஸ்பெரான்சா,
செப்டம்பர் 19

என் தங்கமே,

நான் சுகம். நீ சாப்பிடு, தூங்கு. தொப்பிக்காக உன்னைத் துரத்தியதற்கு வருத்தப்படுகிறேன். துரத்தாமல் இருந்திருந்தாலும் வருத்தப்பட்டிருப்பேன்.

கவனமாகக் கேள். ஆற்றங்கரையில் வண்டியைப் பார்த்தேன் என்று மட்டும் சொல். மச்சான் இறக்கினான் என்று சொல். நீ ஏறியதையும், நீ சொன்னதையும் சொல்லவே சொல்லாதே. யாரும் கேட்கப் போவதில்லை. வாழ்க்கையில் ஒரு தடவையாவது பாதியில் வாயை மூடு. அம்மாவிடம் பிறகு நான் வந்து சொல்லிக்கொள்கிறேன்.

என்னை நம்பு.
மரிலூ


இக்கிட்டோஸ்,
நவம்பர் 9

மகள் மரிலூவுக்கு அம்மா எழுதுவது.

நாங்கள் சுகம். நீ சுகமா? கால் வீக்கம் உள்ளவர்களுக்கு நடுவில் நாள் முழுக்க நிற்கிறாயே, நீயும் உட்காரு.

எனக்கு நிறைய எழுத வராது. அவசரக்காரி நேற்று வீட்டுக்கு வந்துவிட்டாள். சத்தம் நன்றாக இருக்கிறது. மூன்று வாரம் மச்சான் பிள்ளைகளைக் கூட்டிப் போனார். தினமும் 'சிக்னல் போடு மாமா' என்று கத்திக் கத்தி அவருக்குக் காது போய்விட்டதாம். பிள்ளைகளுக்கு என்னைவிட அவரைப் பிடித்துவிட்டது, அது ஒன்றுதான் எனக்கு நஷ்டம்.

நீ நைடாவுக்கு எழுதியதை அவள் என்னிடம் காட்டினாள். நீ சொன்னது புத்திசாலித்தனம். நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். லாஞ்சு மணலில் நின்றது நல்லதாகப் போயிற்று.

இன்று காலை அவளை ஏற்றிக்கொண்டு மின்னல் ஷெட்டுக்குப் போனேன். புகார்ப் புத்தகம் கொடுங்கள் என்றேன். மேஸ்திரிக்கு முகம் வெளுத்துவிட்டது. கெட்டிலுக்குக் கீழே இல்லை, இப்போது ஆணியில் தொங்குகிறது. என் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில், 'செய்து கொடுத்துவிட்டார். வண்டி ஓடுகிறது. எல்விரா பினேதோ' என்று எழுதினேன். மேஸ்திரி கையைத் துடைத்துவிட்டு வந்து இரண்டு தரம் படித்தார். "அடுத்த கிளட்சும் இங்கதானே எல்விராம்மா?" என்றார். "திருநாளுக்கு முன்னாடி வர மாட்டேன்" என்றேன்.

நைடா பேனாவைக் கேட்டாள். கொடுத்தேன். எனக்குப் பயம்தான். அவள் வெகுநேரம் யோசித்தாள், அவள் யோசித்து நான் பார்த்ததில்லை. பிறகு, 'சாட்சி: நைடா' என்று மட்டும் எழுதினாள்.

பக்கத்தில் ஒரு சின்னத் தொப்பி வரைந்திருக்கிறாள். நீலப் பேனா. என்ன நிறத் தொப்பி என்று தெரியவேண்டியவர்களுக்குத் தெரியும். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உன் அம்மா